அவள் கூப்பிட்டாள், ஊர் வந்தது

மகன், இந்தக் கடிதத்தை நீ கொழும்பில் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே படித்துவிடு. பஸ்ஸில் வைத்துப் படிக்காதே. வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவார்களோ, சட்டைப் பையில் என்ன கடதாசி என்று கேட்பார்களோ, யார் கண்டது. சண்டை முடிந்துவிட்டது என்று வைகாசி மாதத்திலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கிறது. என் வயிற்றுக்கு இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்று என் கடை வாசலில் வேகத்தைக் குறைத்தாலே கையில் பிடித்திருக்கிற ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுகிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் நான் நிறுத்திவிடுவேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மறுபடி எடுப்பாய், நான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் இதை யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இதில் இருக்கிற சங்கதி ஊருக்கே தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான்.

உன் புதுப் பாட்டு வந்து சேர்ந்தது. நீ பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்ட சீடியைப் பழைய பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் தன் சாப்பாட்டுப் பார்சலையும் வைத்துக் கொண்டுவந்து தந்தார். கறி வாசத்தோடுதான் உன் பாட்டைக் கேட்டேன். கடைக் கதவைச் சாத்திவிட்டு, சின்னப் பெட்டியில் சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். நீ சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, கித்தாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடுகிறாய். ‘நீ சாகும் நாள் எனக்குத் தெரியாது, நான் சாகும் நாள் உனக்குத் தெரியாது, தெரிந்தது ஒன்றே ஒன்று, நீ கூப்பிடு, நான் வருவேன்’ என்று தொடங்குகிறாய். எந்தப் பிள்ளையை நினைத்து எழுதினாயோ, அவள் கொடுத்துவைத்தவள். அதற்குப் பிறகுதான் உன் அம்மா வருகிறாள். ‘அவள் கூப்பிட்டாள், ஊர் வந்தது. நீ கூப்பிடு, நான் வருவேன்.’ அந்த வரியை மூன்று தரம் பாடுகிறாய். மகன், நான் நாற்பது வருசமாக மற்றவர்களின் பாட்டை ஊருக்குக் கேட்கப் பண்ணிப் பிழைக்கிறவன். நல்ல பாட்டு எது, சும்மா சத்தம் எது என்று எனக்குத் தெரியும். இது நல்ல பாட்டு. கேட்டு முடித்ததும் எனக்குப் பயம் பிடித்தது, இன்றைக்குவரை விடவில்லை.

இந்த முறை கடல் வந்த நாளின் நினைவுக்கு ஊர்ப் பொடியன்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போடுகிறார்கள், நீ வந்து இந்தப் பாட்டைப் பாடப்போகிறாய் என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரவ வேண்டிய இடத்துக்கும் பரவிவிட்டது. போன கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு. ஒருவன் நல்ல தமிழ் பேசினான். பாட்டைப் போடச் சொன்னார்கள், போட்டேன். முழுவதும் கேட்டார்கள். “இது ஆருக்குப் பாடின பாட்டு?” என்று கேட்டான். செத்தவர்களுக்கு என்றேன். “எந்தச் செத்தவங்களுக்கு?” என்றான். கடலில் போனவர்களுக்கு, இவனுடைய தாய்க்கு என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடலுக்கென்றால் பாடட்டும், வேறு ஆட்களுக்கென்றால் தாங்கள் திரும்பி வரவேண்டியிருக்கும் என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மரியாதை என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. மைதானத்தில் உட்கார்ந்து அழப்போகிறவர்கள் எந்தச் சாவுக்கு அழுகிறார்கள் என்று யார் கண்டுபிடிப்பது? கடலுக்கு என்று விளக்கை ஏற்றிவிட்டு, வன்னியில் இந்த வருசம் தொலைத்த பிள்ளைக்கு அழுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதற்கு உன் பாட்டு என்ன செய்யும், நான் என்ன செய்வேன். பாட்டு உன் அம்மாவுக்குத்தான் என்று நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட பிறகுதான் இன்னொரு பயம் கிளம்பியது. உன் அம்மாவின் சாவைப் பற்றி நீ அறிந்தது பாதிதான். மீதியையும் அறிந்துகொண்டு பாடு, அல்லது விடு. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அவள் எப்படி மைக்குக்கு வந்தாள் என்பதைச் சொல்கிறேன், உனக்கு அது சரியாகத் தெரியாது. கல்யாணம் கட்டி உன் அம்மாவின் வீட்டுக்கு நான் வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு அம்பிளிபயரும் இரண்டு ஹோன் ஒலிபெருக்கியும். கோயில், கல்யாணம், சாவீடு எல்லாவற்றுக்கும் மரத்தில் ஏறி ஹோன் கட்டுகிறவனும் நான், மைக்கில் பேசுகிறவனும் நான். பேசுவதென்றால் எனக்குப் பயம். ஒருமுறை கிழவர் ஒருவர் காலமானதை அறிவிக்கப் போன இடத்தில், வேர்த்து விறுவிறுத்து, கிழவரின் பெயருக்குப் பதிலாக அவருடைய மூத்த மகனின் பெயரை ‘அமரர்’ என்று சொல்லிவிட்டேன். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற அந்த மனிதன், தான் செத்துப்போன செய்தியைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, மீனும் கையுமாக ஓடிவந்தான். அவனுடைய பெண்சாதி அதற்குள் தலைவிரி கோலமாகத் தெருவுக்கு வந்துவிட்டாள். அடி விழாமல் தப்பியது உன் அம்மாவால்தான். என் கையிலிருந்து மைக்கை வாங்கி, நின்று நிதானமாக, தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, கிழவரின் பெயரைத் திருத்திச் சொல்லி, அந்த மகனுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்றும் சொல்லி முடித்தாள். அன்றைக்கு அவள் வாங்கிய மைக்கை நான் திருப்பிக் கேட்கவேயில்லை. மரம் எனக்கு, மைக் அவளுக்கு என்று ஆகிவிட்டது. களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை எல்லாம் தாயிடம் சேர்த்தது அவளுடைய குரல்தான். அழுகிற பிள்ளை அந்தக் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தும்.

அவளுக்குப் பயம் கிடையாது, வீட்டுப் பயம் முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன். கூட்டம் போட ஒரு பகுதி வந்து ஹோன் கேட்கும், ஏன் கொடுத்தாய் என்று மறுபகுதி வந்து கேட்கும். நான் உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்பேன். அவள் வாசலில் நின்று, அம்பிளிபயர் எரிந்துவிட்டது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்பாள். வந்து பார்த்தால் உண்மையாகவே எரிந்திருக்கும். அவளே பியூஸைப் பிடுங்கி, ஒரு வயரையும் நெருப்புக் காட்டிக் கருக்கிவைத்திருப்பாள். உனக்கு அந்தத் துணிவு கொஞ்சம் வந்திருக்கிறது, என் பயமும் கொஞ்சம் வந்திருக்கும். இரண்டும் இருக்கட்டும். கல்யாணம் கட்டினால் உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது பயப்படுகிறவராக இருக்க வேண்டும், மகன். துணிந்த இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் கதவைச் சாத்த ஆள் இருக்காது.

இனி ஐந்து வருசத்துக்கு முந்திய அந்த மார்கழி. எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் கொழும்பில் இருந்து பாட்டுக் கட்டுகிறவனுக்கு மறந்திருக்கும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு தெருவும் சில குறுக்கு ஒழுங்கைகளும். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மார்கழி மழைக்கு அந்த ஆறு நிரம்பி எங்கள் வீட்டு வளவுக்குள் ஏறும். ஆறு கடலில் சேருகிற ஆத்துவாயில் மண் மூடியிருக்கும், அதை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். வெட்டப் பிந்தினால் ஒரே அடியாக ஏறிவிடும். அப்போது நாங்கள் என்ன செய்வோம்? கடற்கரை மணல் மேட்டுக்கு ஓடுவோம். ஊரில் உயரமான இடம் அது ஒன்றுதான். என் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கேதான் ஓடினார். நானும் நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பானையும் பாயுமாக மேட்டில் இருந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆற்றைத்தான் பயந்து பயந்து பார்ப்போம். கடல் எங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவர்.

நீ அப்போது வவுணதீவில் சின்னம்மா வீட்டில் இருந்தாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பொடியனை அனுப்புவதா, இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று நான் உன் அம்மாவோடு சண்டை பிடித்தேன். தங்கச்சி பிள்ளை பெற்று இருக்கிறாள், உதவிக்கு ஆள் வேண்டும், போகட்டும் என்று அவள் அனுப்பினாள். நான் பயந்த கரையில் நீ தப்பினாய். அதற்குப் பிறகு என் பயம் எந்தத் திசையில் நிற்பது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்க்கப் பழகிக்கொண்டது.

கோயிலில் திருவெம்பாவைக்காக ஹோன் கட்டியிருந்தோம். மழையால் கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரில்தான் ஓடியது. பூசை முடிந்து, சோறு கொடுப்பதை அறிவிப்பதற்காக உன் அம்மா மைக்கடியில் இருந்தாள். பெற்றோல் முடியும் போல இருக்கிறது என்று என்னை டவுனுக்கு அனுப்பினாள். நான் பெற்றோல் கானை நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பாலத்தில் ஏறுகிறேன். தண்ணீருக்கு மேலால் அவளுடைய குரல் வருகிறது. “ஆத்துத் தண்ணி ஏறுதாம். புள்ளையளத் தூக்கிட்டு எல்லாரும் கடக்கரை மேட்டுக்கு ஏறுங்க. பதறாம மேட்டுக்கு ஏறுங்க.” பிறகு எனக்குச் சொன்னார்கள், ஆற்றுப் பக்க வீடுகளில்தான் முதலில் தண்ணீர் ஏறியதாம். கடல்தான் ஆத்துவாயால் உள்ளே வந்து ஆற்றை உயர்த்தியிருக்கிறது, அதை யார் கண்டது. ஆற்றுத் தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவர் கத்திக்கொண்டு கோயிலுக்கு வர, அவள் மைக்கை எடுத்திருக்கிறாள். பாலத்தில் நின்று கேட்ட நான் என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி, சரியாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பேன். திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு ஒரு இரைச்சல், அதற்குப் பிறகு ஹோனில் ஒன்றும் இல்லை. கடல் எங்கள் மேட்டைத் தாண்டி ஆற்றுக்குள் விழுவதைப் பாலத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம்.

உன்னிடம் ஊர் சொன்னது, உன் அம்மா கடைசிவரை மைக்கை விடவில்லை என்பது. அது உண்மை. எந்தப் பக்கம் கூப்பிட்டாள் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்து யார்தான் சொல்வார்கள்? நீயாக நினைத்துக்கொண்டாய், அவள் எல்லோரையும் கரை சேர்க்கக் கூப்பிட்டாள் என்று. அவளும் அப்படி நினைத்துத்தான் கூப்பிட்டாள். மேட்டுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. உன் கண்மணி மாமி, என் மச்சாள், ஆற்றோரக் கண்டல் மரத்தில் சிக்கித் தப்பினாள், இரண்டு கையிலும் பிடித்திருந்த பெண் பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன. அந்த ஜெனரேட்டரில் மிச்சமிருந்த பெற்றோல் கொஞ்சம் முந்தியே தீர்ந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. பிறகு, மைக் இல்லாவிட்டாலும் அவர்கள் மேட்டுக்குத்தான் ஓடியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். நான் சொல்லி நான் கேட்பதால் அது எடுபடுவதில்லை.

ஆறு மாதம் கழித்துக் கடன்பட்டு மறுபடி ஹோன் வாங்கினேன், வேறு என்ன தொழில் தெரியும் எனக்கு. முதல் நாள் கோயில் தென்னையில் ஏறி நின்று பார்க்கிறேன், ஒரு ஹோனின் வாய் நேரே கண்மணி மச்சாளின் வளவைப் பார்த்து இருக்கிறது. அப்படியே ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்த நிகழ்ச்சிக்குக் கட்டினாலும் அவளுடைய வீட்டுப் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் கட்டுவேன். சத்தம் சரியாகப் பிரியவில்லை என்று பொடியன்கள் குறை சொல்வார்கள், காற்று என்று சாட்டுச் சொல்வேன். மைக்கிலும் நான் பேசுவதில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

இப்போது உன் வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார். ‘அவள் கூப்பிட்டாள், ஊர் வந்தது.’ அந்த மைதானத்தில் இருக்கப்போகிறவர்கள், வந்த ஊரின் மிச்சம். யாராவது ஒருவர் எழும்பி, ஓமடா, கூப்பிட்டாள்தான், எங்கே கூப்பிட்டாள் என்று அவனிடம் கேளுங்கள் என்றால் நீ மேடையில் என்ன செய்வாய்? மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பொய்யோ மெய்யோ ஏதாவது சொல்லலாம். பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது? அந்த வரியை எடுத்துவிடு என்று உனக்கு எழுதத்தான் கடதாசியை எடுத்தேன். எழுதமுன் கண்மணி மச்சாளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியது. கேட்கப் போகவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். இரண்டு தரம் அவளுடைய வளவுப் படலைவரை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் அவள் கண்டுவிட்டாள்.

கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். காகத்தை விரட்டச் சொல்லி என் கையில் ஒரு ஈர்க்கைத் தந்துவிட்டு, மகன் பாட வருகிறானாமே என்று அவளே தொடங்கினாள். ஓம் என்றேன். பாட்டை ஒரு பொடியன் போனில் போட்டுக் காட்டினானாம், இரண்டு தரம் கேட்டாளாம். நான் காகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி மகனுக்கு எழுதப் போகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே மச்சாள் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள்.

“அஞ்சு வருசமா ஹோன என்ட பக்கம் திருப்பாமத்தான் கட்டுறீங்க, மச்சான். எனக்கு விளங்காதெண்டு நினைச்சீங்களா?” என்றாள்.

 உன் அம்மாவின் மேல் தான் கனகாலம் கோபமாகத்தான் இருந்ததாகச் சொன்னாள், அதை இல்லையென்று சொல்லமாட்டாளாம். கூப்பிடாவிட்டாலும் அங்கேதான் ஓடியிருப்பேன், என் தாயும் என்னை அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினவ என்றாள்.  பிறகு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நான் பானையெல்லாம் எடுத்துட்டுப் போவமெண்டு நிண்டன். சின்னவள்தான் மைக்கக் கேட்டுட்டு என்ட சீலையப் பிடிச்சு இழுத்தாள். ‘மாமி கூப்பிர்றா, வாங்கம்மா’ எண்டாள். அதுக்குப் பிறகு அவள் ஒண்டும் கதைக்கல்ல. அவள் சொன்ன கடைசி அதுதான். உங்கட மகன் அத எங்க கேட்டானோ, அப்படியே பாடுறான். எடுக்கச் சொல்லாதீங்க. மைதானத்துக்கு நான் வரமாட்டன், என்னால ஏலாது. இந்தமுறை ஒரு ஹோன என்ட வீட்டப் பார்த்துக் கட்டுங்க.”

மகன், நீ எங்கேயும் கேட்கவில்லை, உனக்கு அது தெரியவும் தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இப்போது உனக்கு முழுவதும் தெரியும். பாடுவதும் விடுவதும் உன் கையில். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கண்மணி மாமி ஒருத்திதான் சொன்னாள், ஊர் முழுக்க அப்படிச் சொல்லும் என்று இல்லை. யாராவது எழும்பினால் எழும்பட்டும், நீ பாட்டை நிறுத்தி, இறங்கிப் போய், அவர் சொல்வதைக் கேள். எதிர்த்துக் கதைக்காதே. மோட்டார் சைக்கிள் ஆட்களும் எங்காவது மதிலோரம் நிற்பார்கள், அவர்களைப் பார்க்காதே. நான் அம்பிளிபயருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அவர்கள் மேடைப் பக்கம் அசைந்தால் முதலில் என்னிடம் வரும்படி பார்த்துக்கொள்வேன், அவ்வளவுக்கு என்னால் முடியும் என்று நினைக்கிறேன். மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பாடு, தூரப் பிடிப்பது உன் பழைய பழக்கம். உன் அம்மா கிட்டப் பிடித்துத்தான் பேசுவாள், அதனால்தான் அவளுக்குக் கத்த வேண்டி வரவில்லை. ஜெனரேட்டருக்குப் பெற்றோல் நிறைய வாங்கி வைத்துவிட்டேன்.

சத்தம் பார்ப்பதற்காக ஹோன் இரண்டையும் இன்று காலையிலேயே மைதானத்தில் கட்டினேன். பழக்கத்தில் கை ஆற்றுப் பக்கம்தான் போனது, ஒன்றைப் பிடித்துக் கண்மணி மச்சாளின் வீட்டுப் பக்கம் திருப்பினேன். இறங்கி வந்து, மைக்கைத் தட்டிப் பார்க்காமல், வாயைத் திறந்து ‘ஹலோ’ என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் கரகரவென்று போய் அவளுடைய வளவில் விழுந்தது. கண்மணி மாமி உள்ளேயிருந்து தான் உட்காருகிற கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்தில் ஹோனுக்கு நேரே போட்டுவிட்டு உள்ளே போனாள். நீ பாட இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. கதிரை அங்கேதான் இருக்கிறது.